மேட்டுப்பாளையம் ரோட்டு மழை

தோட்டத்துச் சாளை,
காரமடை.
ஐப்பசி, கடைசி வெள்ளிக்கிழமை, 1997.

ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் மருமகள் சண்முகப்பிரியாவுக்கு, தனபாலின் தாயார் மாரியாத்தாள் எழுதுவது.

நீயும் பேரன் மிதுனும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் இரண்டு மாடுகளும் சுகம். மிதுனுக்கு இந்த ஆத்தா ஒரு முத்தம் கொடுத்ததாகச் சொல். அது அவனுக்கு. மீதி எல்லாம் உனக்கு.

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாகத்தான் வரும். நீ கிளினிக்கில் ரத்தம் பரிசோதிக்கிறவள், கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருப்பதையெல்லாம் கண்டுபிடிக்கிறவள், இதையும் கூட்டிப் படித்துவிடுவாய். போன் செய்திருக்கலாம். பூத்துக்காரன் நம் பேச்சைக் கேட்பதற்கென்றே ரேடியோவை அணைத்துவிடுகிறான். அதோடு நீயும் போனில் "சரிங்க அத்தை", "ஆமாங்க அத்தை" என்பதற்கு மேல் பேசுவதில்லை. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் எனக்கு ஆவதில்லை.

எழுத உட்கார்ந்தது மழையைப் பற்றி. தீபாவளிக்கு முந்தி பிடித்தது இன்னும் விடவில்லை. மேட்டுப்பாளையம் மலையில் மேகம் இறங்கினால் அடுத்த நாழி நம் தோட்டத்தில் கொட்டுகிறது. உன் புருஷன் அதற்குள்தான் போகிறான், வருகிறான். காலையில் இங்கிருந்து கிளம்பி உன் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும். அப்புறம் பீளமேட்டுக் கம்பெனி. சாயங்காலம் மறுபடி உன் வீடு. பொழுது இறங்கியதும் எனக்குத் துணைக்கு இங்கே. நடுவில் இருப்பதெல்லாம் அந்த மோட்டார் சைக்கிளும் மழையும்தான். ரயிலில் போ என்றேன். "ரயிலு எந்த ஊட்டு வாசல்லம்மா நிக்கும்? உங்க வாசல்லயா, அவ வாசல்லயா?" என்கிறான். பஸ்ஸில் போனால் மூன்று பஸ் மாற வேண்டுமாம், ஷிப்டுக்கு ஆகாதாம்.

நேற்று வந்து நின்ற கோலத்தை நீ பார்க்கவில்லை. மழைக்கோட்டு கக்கத்தில் கிழிந்திருக்கிறது. அதற்குமேல் யூரியா சாக்கைக் கொங்காடை மாதிரி மடித்துத் தலையில் போட்டிருந்தான். சட்டைக்குள்ளே நெஞ்சில் பேப்பரை வைத்துக் கட்டியிருந்தான். அந்தப் பேப்பர் ஊறிப்போய் எழுத்தெல்லாம் தோலில் ஒட்டியிருந்தது. பூட்சைக் கழற்றிச் சாய்த்தேன், சொம்புத் தண்ணீர் இருக்கும். மூக்குக் கண்ணாடியைப் போட்டால் தண்ணீர் மறைக்கிறதாம், கழற்றினால் ரோடே தெரிவதில்லையாம். அதனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறானாம். இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறான். லாரிக்காரன் பக்கத்தில் போனால் சேறு வாய்க்குள்ளேயே அடிக்கிறதாம்.

சட்டை காய்வதில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போடுகிறேன், புகை நாற்றம் ஏறுகிறது. அதையே போட்டுக்கொண்டு உன்னிடம் வருகிறான். நீ ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அவ அதைய வாங்கி இஸ்திரி போட்டுக் குடுக்கறாம்மா" என்றான். சரி. நல்லதுதான்.

இன்னொன்று. காலையில் நான் ஊற்றும் கம்பங்கூழையும் குடித்துவிட்டு, உன் வீட்டில் தோசையும் தின்கிறான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மிதுன் போனில் "அப்பா நாலு தோச தின்னாங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டான். இங்கே சாப்பிட்டேன் என்று உன்னிடம் சொல்லப் பயம். அங்கே சாப்பிடுவேன் என்று என்னிடம் சொல்லப் பயம். முப்பத்திநாலு வயது ஆம்பிளை, இடுப்பு வார் எட்டாமல் புது ஓட்டை போட்டிருக்கிறான்.

இதெல்லாம் எதனால் வந்தது என்று உனக்கும் தெரியும். போன கார்த்திகையில் மிதுனுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். உன் அண்ணன் வேங்கடசாமி அந்தியூரிலிருந்து வர வேண்டியவன் வரவில்லை. பூசாரி நேரம் போகிறது என்றார். நான் உன் சித்தப்பன் மகனை உட்கார வைத்துக் குத்தச் சொன்னேன். அப்புறம் வேங்கடசாமி, சீர்த்தட்டைப் பாலிதீனில் சுற்றிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி கோயில் வாசலில் வந்து நின்றான். "இப்பத்தான் வாரீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அதற்கு நீ தை மாதம், "கிளினிக் பக்கத்துல ஊடு இருந்தா சவுரியமுங்க அத்தை" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாய். சவுகரியம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஆனால் எதையும் மறக்கிற ஆள் நான் இல்லை. அன்றைக்கு நீ கட்டியிருந்த சேலை நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

பாலை அவன் வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன். பிள்ளைக்குப் பாக்கெட் பால் கொடுக்காதே.

நல்லா இருங்கள்.

தனபாலின் தாயார்,
மாரியாத்தாள்.


காரமடை.
கார்த்திகை, தீபத்துக்கு முந்தின நாள்.

சண்முகப்பிரியாவுக்கு மாரியாத்தாள் எழுதுவது.

இந்தக் கடிதத்தைக் கிளினிக் விலாசத்துக்கே அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் அவன் கண்ணில் பட்டுவிடும். சுகத்தை எல்லாம் அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். முதலில் என் வாசலைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்.

நம் அடுத்த தோட்டத்து ரங்கநாயகி மகள் கல்யாணத்துக்கு நகை பார்க்க ஆர்.எஸ்.புரம் வந்தாளே, உன்னையும் வந்து பார்த்தாளாம். திரும்பி வந்ததும் நேரே என் வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் தரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, இங்கெங்கீங்க பாசி? உங்க மருமவ சொன்னாங்க, உங்க வாசப் பாசி வழுக்கித்தான் தனபாலு உழுந்துபோட்டாருன்னு. தேய்க்கறதுக்கு ஆளு இல்லீங்களான்னு கேட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அம்மணி, என் வாசலில் பாசி இருந்ததே இல்லை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து இல்லை. தென்னை ஈர்க்குமாற்றால் தேய்த்துத் தேய்த்து என் வலது தோள் இறங்கியே போய்விட்டது. உனக்குக் கோபம் இருந்தால் என்மேல் வை, என் வாசல்மேல் வைக்காதே.

அவன் விழுந்த அன்றைக்குப் பொழுதோடு கை மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு, நொண்டிக்கொண்டு வந்தபோது நான் என்ன என்று கேட்டேன். "கம்பெனிப் படியில வழுக்கிப்போட்டேம்மா" என்றான். நானும் நம்பி, படியைக் கழுவிவிட்டுத் துடைக்காத அந்தக் கம்பெனியை மூன்று நாள் திட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் உன்னிடம் வந்து என் வாசலில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான். உன்மேல் எனக்குக் கோபம் வரக் கூடாது, என்மேல் உனக்கு வந்தால் பரவாயில்லை என்று நினைத்தானோ என்னவோ. இல்லை, பெற்றவள் தாங்கிக்கொள்வாள் என்று நினைத்திருப்பான். இரண்டும் பொய் என்று ரங்கநாயகி சொன்ன அந்த நிமிஷமே எனக்குப் பட்டுவிட்டது.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே ரோட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மெக்கானிக் சிக்கந்தர் கடை இருக்கிறது. நம் வண்டியை எப்போதும் பார்க்கிறவன் அவன்தான். நான் எல்லாம் தெரிந்த மாதிரி, "தம்பி, என் பையன் வண்டி ஹேண்டில்பார் நேராய்ப்போச்சுங்களா?" என்று கேட்டேன். அவன், "நேராக்கிட்டேங்கம்மா, முன்சக்கரத்துல மட்டும் ரெண்டு கம்பி பாக்கி இருக்குதுங்க" என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தனபாலண்ணன் சொல்லவேண்டாம்னு சத்தியம் வாங்கியிருக்காருங்கம்மா" என்றான். உடைத்துப்போட்ட சத்தியத்தை ஒட்ட வைத்து என்ன செய்வது, மீதியையும் சொல் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கேட் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியிருக்கிறார்கள். தண்டவாளம் மழையில் எண்ணெய் தடவின மாதிரி இருந்ததாம். முன்சக்கரம் அதில் பட்டதும் வண்டி தனியாகத் திரும்பிவிட்டது. பிரேக் கட்டை ஈரத்தில் பிடிக்கவில்லை. பின்னால் உருளைக்கிழங்கு லாரி. அது பெருமூச்சு விட்டு நின்றது, இவன் தலைக்கு ஒரு முழம் தள்ளியாம். சிக்கந்தர்தான் ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறான். "ரெண்டு கையும் ஊனியிருந்தா இவ்வளவு அடி பட்டிருக்காதுங்கம்மா" என்றான். "ஒரு கையில தூக்குப்போசியப் புடிச்சிருந்தாருங்க. கீழ உழுந்தும் அதைய மேல தூக்கியே வெச்சிருந்தாருங்க. ஒரு சொட்டுச் சிந்துலீங்க."

அது எந்தப் போசி என்று உனக்குத் தெரியும். காலையில் நான் பிள்ளைக்குப் பால் ஊற்றி அனுப்புவேன். வெறும் போசியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று நீ சாயங்காலம் அதில் எதையாவது ஊற்றி அனுப்புவாய். அன்றைக்கு அவரைக்கொட்டைக் குழம்பு. நான் அதைச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலையில் அந்தக் கையில் மறுபடி பாலைக் கொடுத்தனுப்பினேன். நீயும் சாயங்காலம் எதையோ ஊற்றிக் கொடுத்தாய். நாம் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை. ஆனால் முறையில் மட்டும் ஒருத்திக்கொருத்தி விட்டுக்கொடுக்கவில்லை. உன் மரியாதையும் என் மரியாதையும் அவன் கையில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

நாளையிலிருந்து நான் பால் கொடுத்தனுப்ப மாட்டேன். நீ பாக்கெட் பாலே வாங்கு. அவன் கேட்டால் மாடு பால் மறுத்துவிட்டது என்று சொல்லப் போகிறேன். அவன் மட்டுந்தான் பொய் சொல்ல வேண்டுமா?

சிக்கந்தர் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே இன்னும் நாலு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தனுக்கு சைலன்சரில் தண்ணீர். ஒருத்தனுக்கு பிளக் நனைந்துபோய்விட்டது. அதைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டி, உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள், கிளம்புவதில்லை. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் கிளம்புவதில்லை. ஒரு பையன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கண்ணீர் விட்டான், வண்டி கேட்கவில்லை. அப்போது உன் அண்ணன் ஞாபகம் வந்தது. அந்தியூர், கோபி, சத்தி, புளியம்பட்டி என்று எத்தனை ஊர் மழையைத் தாண்டி வந்திருப்பான். அதற்காக நான் செய்தது தப்பு என்று எழுதவில்லை. நேரம் நேரந்தான். தாய்மாமன் முந்தின நாளே வந்திருக்க வேண்டும். அதில் நான் மாறவில்லை. ஆனால் தாமதமானதற்கு அவன் காரணம் சொன்னானே, பிளக்கில் தண்ணீர் என்று, அதை நான் அன்றைக்கு நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். இதை அவனிடம் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். உன் இஷ்டம்.

நீ ரத்தம் பார்க்கிறவள். உன் புருஷன் மணிக்கட்டை உன் டாக்டரிடம் காட்டிப் படம் எடு. எனக்கு மஞ்சள் பற்றுதான் தெரியும்.

மாரியாத்தாள்.


காரமடை.
கார்த்திகை கடைசி. திங்கள்.

என் மருமகள் சண்முகப்பிரியாவுக்கு அத்தை மாரியாத்தாள் எழுதுவது.

நீ எழுதின பதில் வந்தது. எலும்பு முறியவில்லை, சவ்வுதான் என்று எழுதியிருந்தாய். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கடைசியில் "கோவிச்சுக்காதீங்க அத்தை, வாசலைப் பத்திச் சொன்னது தப்பு" என்று எழுதியிருந்தாய். கோபம் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது எழுதுவது வேறு.

பாலை நிறுத்தினேன், அவன் கை காலியானது. அதனால் மழை நின்றுவிட்டதா? வேகம்தான் கூடியிருக்கிறது. மணிக்கட்டுச் சவ்வோடு கிளட்ச்சைப் பிடிக்க முடியாமல் ஒரே கியரில் ஓட்டிக்கொண்டு வருகிறான். நான்கு நாளாகக் காய்ச்சல். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். காலையில் முகம் கழுவி, தலை சீவி, ஆரோக்கியமாக உன் வாசலில் வந்து நிற்பான். இங்கே வந்ததும் சாய்ந்துவிடுகிறான். சனிக்கிழமை பள்ளத்து ஓடையில் தண்ணீர் ரோட்டுக்கு மேலே போனது. வண்டிக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட, பள்ளத்திலிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தான். தட்டில் சோற்றைப் போட்டேன். முதல் உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டான். எழுப்பினேன். எந்த வீட்டில் இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்து உன் பேரைச் சொன்னான். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "மழ பேஞ்சா ரெண்டு ஊடும் தூரமாப் போயிருதும்மா" என்றான். இத்தனை மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த குறை அது ஒன்றுதான்.

என்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டேன் கண்ணு. அவன் வரும் வரை நான் சாப்பிடாமல் இருப்பது வழக்கம், அதனால்தான் ஓடி வருகிறான் என்று நினைத்து, விளக்கு வைத்ததும் சாப்பிட்டுவிட்டேன். வந்து பார்த்தவன் கழுவின தட்டைப் பார்த்து, "ஏம்மா, எம்மேல கோவமா?" என்றான். மறுநாள் இன்னும் சீக்கிரம் வந்தான். மழை நாளில் வராதே, அங்கேயே தங்கு, எனக்குத் துணைக்கு ரங்கநாயகி இருக்கிறாள் என்று வாயால் சொன்னேன். "ரங்கநாயகி கூட உங்களுக்குப் பேச்சுவார்த்தையே இல்லீங்களே" என்று சிரித்தான். நிஜந்தான், பாசி விஷயத்துக்குப் பிறகு இல்லை. மிரட்டிக்கூடப் பார்த்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன் என்றேன். மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்வேன் என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குச் சேலை வேண்டாம் என்று நான் சொன்னால் எடுத்துத் தர வேண்டும். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வராதே என்றால் வா என்று அர்த்தம். அவன் அப்பன் காலத்திலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. இப்போது நிஜமாகவே வராதே என்று சொல்கிறேன், அதைச் சொல்ல என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

உன்னை இங்கே வா என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. வார்த்தையும் வரவில்லை, அதில் நியாயமும் இல்லை. நீ வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ நனைய வேண்டும். நான் அங்கே வரலாம் என்றால், மாட்டை யாரிடம் விடுவது? விட்டுவிட்டு வந்தாலும் அந்த மாடி வீட்டில் உன் அடுப்பில் நான் கை வைப்பேன், நீ "இருக்கட்டுங்க அத்தை" என்பாய், நான் முகத்தைத் தூக்குவேன். அவன் வீட்டுக்குள்ளேயே இரண்டு வீட்டுக்கு நடுவில் நடந்துகொண்டிருப்பான். நாம் இரண்டு பேரும் எப்படி என்று நமக்குத் தெரியும். இந்த வயதில் நான் மாறுவேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. அவன் சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றியதும் வண்டிச் சாவியை எடுத்து ஒளித்து வை. அரிசி டப்பாவுக்குள் போடு, அவன் அதில் கை வைக்க மாட்டான். தேடட்டும். மிதுன் எங்கேயோ போட்டுவிட்டான் என்று சொல். பிள்ளைமேல் பழி போட்டால் அவன் கோபப்பட மாட்டான். மறுநாளும் கிடைக்க வேண்டாம், கம்பெனிக்கு டவுன் பஸ்ஸில் போகட்டும். நான்தான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் அன்றைக்கே நடந்தாவது வந்துவிடுவான். நீ உன் ஆசைக்கு அவனை நிறுத்திவைத்துக்கொண்ட மாதிரியே இருக்கட்டும். அவனை அம்மாவிடம் போக விடமாட்டேன் என்கிறாள் என்று உறவில் நாலு பேர் உன்னைப் பேசுவார்கள். ரங்கநாயகி முதலில் பேசுவாள். என்னிடம் வந்தும் கேட்பார்கள். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பதில் சொல்வேன், இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கேட்பது எனக்குக் கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

எனக்கு இங்கே பயமில்லை. பகலில் மாடு இருக்கிறது, பொழுது இறங்கினால் சீக்கிரம் கண்ணை மூடிவிடுகிறேன். காய்ச்சல் குறைய அவனுக்கு மிளகு ரசம் வை, பூண்டு அதிகமாகப் போடு. அவன் வேண்டாம் என்பான். கொடு.

நீயும் அவனும் பிள்ளையும் காய்ந்த துணியோடு, காய்ந்த படுக்கையில் நல்லபடியாக இருக்க வேண்டும். மழை விடும் வரை அவன் அங்கேயே இருக்கட்டும். மழை விட்ட பிறகும் அவனைக் கூப்பிட்டு நான் ஆள் அனுப்ப மாட்டேன்.

உன் அத்தை,
மாரியாத்தாள்.